கோலியின் அப்பாவுக்கு

வணக்கம் சார்,

என் மகனுக்குப் பதினைந்து வயது. பள்ளி ஃபுட்பால் டீமில் கோலி (கோல்கீப்பர்). பாடப்புத்தகம் தவிர எதையும் தொடமாட்டான், அதையும் எப்போதாவதுதான். அவனுக்குப் பிடித்த விளையாட்டைப் பற்றிய புத்தகமாவது படிக்கட்டுமே என்று உலகமே கொண்டாடும் ஆட்டக்காரர் ஒருவரின் சுயசரிதையை வாங்கிக் கொடுத்தேன். முப்பது பக்கத்தோடு மூடிவிட்டான். ‘இதெல்லாம் யூடியூப்லயே பாத்துட்டேன்ப்பா’ என்கிறான். நானும் எடுத்துப் பார்த்தேன், தூக்கம்தான் வந்தது. எந்த மேட்சில் எத்தனை கோல், எந்தக் கிளப்பிலிருந்து எந்தக் கிளப்புக்குப் போனார், கூட விளையாடியவர்கள் எல்லோரும் தங்கமானவர்கள். ஃபுட்பால் புத்தகங்கள் எல்லாமே இப்படித்தானா? அவனுக்கு வேறு எதைக் கொடுக்கலாம்?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகன் முப்பது பக்கம் படித்ததே பெரிய விஷயம். நான் அந்த வகைப் புத்தகங்களைப் பத்து பக்கத்தில் கீழே வைத்திருக்கிறேன்.

காரணம் எளிது. இன்னும் விளையாடிக்கொண்டிருக்கும் ஒருவர் சுயசரிதை எழுதும்போது அடுத்த ஒப்பந்தம், விளம்பரக் கம்பெனி, நாளைக் காலை அதே டிரெஸ்ஸிங் ரூமில் முகம் பார்க்க வேண்டிய ஆட்கள் என்று எல்லாம் கண் முன்னால் நிற்கும். எதைச் சொல்வார், பாவம்? அப்புறம், பெரும்பாலும் எழுதுவது அவரே இல்லை. ஒரு பத்திரிகைக்காரர் ரெக்கார்டரோடு சில நாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எழுதுகிறார். அதனால் அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரை விடுங்கள், உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள் என்பேன்.

வாயைத் திறந்து உண்மையைச் சொன்னவர்களும் உண்டு. மான்செஸ்டர் யுனைடெட் கேப்டனாக இருந்த ராய் கீன். 1997இல் லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்து அவர் தரையில் கிடந்தபோது, எதிரணியின் ஆல்ஃப்-இங்கே ஹாலண்ட் தலைக்கு மேல் நின்று, நடிக்கிறான் என்று கத்தினார். (ஆமாம், உங்கள் மகன் ரசிக்கும் எர்லிங் ஹாலண்டின் அப்பாவேதான்.) கீன் மறக்கவில்லை. 2001 ஏப்ரலில் மான்செஸ்டர் டெர்பியில், அதாவது அதே ஊரின் இன்னொரு அணியான மான்செஸ்டர் சிட்டியோடு நடந்த ஆட்டத்தில், அப்போது சிட்டிக்கு ஆடிய ஹாலண்டின் முழங்காலில் ஒரே மிதி. சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் 2002இல் வந்த சுயசரிதையில், நெடுநாள் காத்திருந்து வேண்டுமென்றேதான் அடித்தேன் என்கிற தொனியில் அந்தப் பகுதி வந்துவிட்டது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் விசாரணை வைத்து ஐந்து ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்ட் அபராதமும் போட்டது. மிதித்ததற்குக் கிடைத்த தண்டனையைவிட, எழுதியதற்குக் கிடைத்தது பெரிது. அதில் வேடிக்கை, அந்தப் புத்தகத்தைக் கீனுக்காக எழுதியவர் ஈமன் டன்ஃபி. விசாரணையில் அவரே வந்து, அந்தச் சொற்கள் கீன் அப்படியே பேசியவை இல்லை, என் நடையில் நான் எழுதியவை என்று சாட்சி சொன்னார். தன் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகத்தில் இருக்கும் வாக்கியம் தன்னுடையதா இல்லையா என்று ஒரு மனிதர் விசாரணைக்குப் போக வேண்டியிருந்தது என்றால், இந்த வகை எழுத்தைப் பற்றி நான் வேறென்ன சொல்ல?

ஆனால் இந்த டன்ஃபியை லேசாக நினைத்துவிடாதீர்கள். அவரும் ஆட்டக்காரர்தான். அயர்லாந்துக்காரர், இளவயதில் மான்செஸ்டர் யுனைடெட்டில் இருந்தும் முதல் அணியில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்காமல், பிறகு லண்டனின் மில்வால் கிளப்பில் இரண்டாம் டிவிஷனில் காலம் தள்ளியவர். 1973-74 சீசன் தொடங்கும்போது ஒரு டைரி எழுத ஆரம்பித்தார். 1976இல் அது ‘ஒன்லி எ கேம்?’ என்று புத்தகமாக வந்தது. இந்த வருடம் மேல் டிவிஷனுக்குப் போய்விடுவோம் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறது, சில வாரங்களிலேயே அவரை அணியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள், சீசன் பாதியில் கிளப்பை விட்டே போகிறார். நடந்து முடிந்தபிறகு யோசித்து எழுதியது இல்லை, அன்றன்றைக்கு எழுதியது. அதனால் மனிதர் தன்னை அழகுபடுத்திக்கொள்ள நேரமே இல்லை. வெளியே உட்கார்ந்து தன் அணி ஆடுவதைப் பார்க்கிறவனுக்குள் அந்த அணி தோற்கக்கூடாதா என்று ஒரு குரல் கேட்கும் என்பதை அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். பெஞ்சில் உட்கார்ந்த எவனுக்கும் அது தெரியும், எவனும் சொல்லமாட்டான். என்னிடமிருந்த பிரதியை ஒரு நண்பர் வாங்கிப்போய் ஏழு வருடம் ஆகிறது. இதைப் படித்தால் அவருக்குப் புரியும்.

பையனுக்கு முதலில் கொடுக்க வேண்டியது நடுவர்களின் புத்தகங்கள் என்று நினைக்கிறேன். சிரிக்க நிறைய இருக்கிறது. ஒருமுறை ரெஃப்ரி வரவில்லை என்று எங்கள் ஊர் மைதானத்தில் விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள், இருபதாவது நிமிடத்திலேயே இரண்டு பக்கத்து ஆட்களும் ஒற்றுமையாக என் குடும்பத்தை விசாரிக்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து இவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

கிரகாம் போல் என்ற ஆங்கிலேய நடுவர் 2006 உலகக் கோப்பையில் ஷ்டுட்கார்ட்டில் குரோஷியா-ஆஸ்திரேலியா ஆட்டத்தை நடத்தினார். குரோஷியாவின் மூன்றாம் எண் யோசிப் ஷிமுனிச்சுக்கு மஞ்சள் அட்டை. பிறகு தொண்ணூறாவது நிமிடத்தில் இன்னொரு மஞ்சள். இரண்டு மஞ்சள் என்றால் வெளியேற்ற வேண்டும், சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் ஷிமுனிச் ஆஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்தவர், பேச்சில் அந்த ஊர் வாடை அடிக்கும். அந்தக் குழப்பத்தில் போல் தன் அட்டையில் ஆஸ்திரேலியாவின் மூன்றாம் எண் என்று குறித்துவிட்டார். உதவி நடுவர்களும் கவனிக்கவில்லை. ஆட்டம் 2-2 என்று முடிந்தபிறகு ஷிமுனிச் சண்டைக்கு வர, மூன்றாவது மஞ்சள் காட்டி, அப்போதுதான் சிவப்பு. மறுவருடமே கிரகாம் போல் எழுதிய ‘சீயிங் ரெட்’ புத்தகத்தில் இதைப் பற்றிப் பேசுகிறார். பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்ட ஒரு தவறை இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, அதனால்தான் ஆட்டக்காரர்களைவிட நடுவர்கள் நேராக எழுதுகிறார்கள்.

ஹோவர்ட் வெப் என்ற இன்னொரு நடுவரும் அப்படித்தான். போலீஸ் சார்ஜென்ட் வேலை பார்த்தவர். 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பதினான்கு மஞ்சள் அட்டை காட்டியவர். அத்தனை காட்டியும், நெதர்லாந்தின் டி யோங் ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் உதைத்ததற்குச் சிவப்பு காட்டாமல் விட்டதைத்தான் இன்றும் கேட்கிறார்கள். அந்தக் கணத்தில் அவருக்கு முழுதாகத் தெரியவில்லை. வீடியோவைப் போட்டுப் பார்த்து முடிவைத் திருத்தும் விஏஆர் எல்லாம் உலகக் கோப்பைக்கு வந்தது 2018இல்தான்.

கடைசியாக ஒன்று. மகன் கோலி என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன், இது அவனுக்கு அல்ல, உங்களுக்கு. ஜெர்மன் கோலி ராபர்ட் என்கே பற்றி அவருடைய நண்பர் ரொனால்ட் ரெங் எழுதிய ‘எ லைஃப் டூ ஷார்ட்’. இருவரும் சேர்ந்து எழுதுவதாக இருந்த புத்தகம் அது. 2009 நவம்பரில் என்கே தற்கொலை செய்துகொண்டார், ரெங் தனியாக எழுதி முடித்தார். என்கே பார்சிலோனாவில் இருந்தபோது, 2002இல், மூன்றாம் நிலையில் ஆடிய நோவெல்டா என்ற சிறு கிளப்பிடம் 3-2 என்று தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் சொந்த அணிக்காரரான ஃபிராங்க் டி புர் பத்திரிகைகளிடமே அவரைக் குறை சொன்னார். அதற்குப் பிறகு அவருக்கு அங்கே வாய்ப்பு அரிதாகிவிட்டது. பிறகு ஹானோவருக்குப் போய் மீண்டு, ஜெர்மனி அணிவரை வந்தவர், மனச்சோர்வு நோயை மட்டும் வெளியே தெரியாமல் வைத்திருந்தார். தெரிந்தால் வேலை போய்விடும், தத்தெடுத்த குழந்தையையும் பறித்துக்கொள்வார்களோ என்ற பயம். புத்தகத்தில் ரெங் யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை, கண்ணீர் வரவழைக்கவும் முயலவில்லை. ஒரு கோல் விட்ட அன்று வீட்டுக்கு வந்து அந்த மனிதர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று சொல்லிக்கொண்டே போகிறார். எனக்குப் படித்து முடிக்க மூன்று வாரம் ஆனது, நடுவில் பல நாள் தொடவில்லை.

உங்கள் பையன் மேட்ச் முடிந்து வந்ததும் நீங்கள் முதலில் கேட்பது என்ன? ‘எத்தனை கோல் விட்டே’ என்பதா? என் அப்பா அப்படித்தான் கேட்பார், அவர்மேல் தப்பும் இல்லை. அந்தப் புத்தகத்தைப் படித்தபிறகு ஒருவேளை சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள்.

வாங்கிய சுயசரிதையைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். போலின் மூன்று மஞ்சள் அட்டைக் கதையை இன்று ராத்திரி சாப்பிடும்போது மகனிடம் சொல்லிப் பாருங்கள், அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.