தோற்ற பிறகு என்ன செய்கிறார்?

அன்புள்ள ஐயா,
என் தம்பிக்கு 26 வயது, வேலைக்குப் போகிறான். சில மாதங்களாக இரவில் செல்போனில் பணம் கட்டிச் சீட்டாடுகிறான். கேட்டால் "சின்னத் தொகைதான், இதுவரை லாபம்" என்கிறான். கடன் எதுவும் இல்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

கடன் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கடன் பெரும்பாலும் பிறகுதான் வரும். சூதாட்டப் பழக்கம் சிக்கலாகிவிட்டதா என்று அறிய 1997-இல் வெளியான ஒரு சோதனையில் இரண்டே கேள்விகள். பந்தயத்தை மேலும் மேலும் கூட்டவேண்டும் என்று தோன்றியதுண்டா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதை மறைத்து வேண்டியவர்களிடம் பொய் சொன்னதுண்டா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். தோற்ற தொகையைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

நான் முதலில் கவனிக்கச் சொல்வது, தோற்ற இரவில் அவர் என்ன செய்கிறார் என்பதை. போனை வைத்துவிட்டுத் தூங்கப் போனால் சரி. "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று உடனே மறுபடி பணம் கட்டினால் அதுதான் அறிகுறி. நேரில் ஆடும் சீட்டில் ஆட்கள் கலைந்துவிடுவார்கள், கையிலிருக்கும் காசு தீரும். போனில் அடுத்த ஆட்டம் சில நொடிகளில் தயார்.

ஜெயித்த பிறகும் பாருங்கள். பணத்தை வங்கிக்கு மாற்றச் சொல்லிவிட்டு, வந்து சேருவதற்குள் ரத்து செய்து அதையும் வைத்து ஆடுகிறவர்கள் உண்டு. இதற்கு வசதி செய்து கொடுக்கும் தளங்களும் உண்டு, சும்மாவா கொடுப்பார்கள்! 'லாபம்' என்கிறாரே, கட்டியது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று அவர் கணக்கிலேயே பதிவாகியிருக்கும். சேர்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். எரிந்து விழுந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் சூதாட்டத்தை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் சேர்த்தது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது நான்கு ஓராண்டுக்குள் தெரிந்தால் நோய் என்பது அவர்கள் கணக்கு. வீட்டிலிருப்பவர்கள் நான்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், தோற்றுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது பேச்சை எடுக்காதீர்கள். நாளை கடன் என்று வந்து நின்றால், 'இந்த ஒரு தடவை' என்று நீங்கள் அடைத்துவிடவும் வேண்டாம். மாதத்துக்கு இவ்வளவுதான் கட்டலாம் என்று வரம்பு வைக்கும் வசதி பல தளங்களில் இருக்கிறது. அவரையே வைக்கச் சொல்லுங்கள். வரம்பு தீர்ந்ததும் வேறு தளத்தில் கணக்குத் தொடங்கினார் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம்.