சம்பள பாக்கிய விடுங்க, பையன் எத்தனை மணி நேரம் வேல செஞ்சான்?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கிற ஒரு அக்கா, லோயரான எனக்கு எழுதியிருக்காங்க. வீட்டுக்காரர் மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர். இபிஎஃப் காச எடுத்து, பத்தாததுக்கு தாமான்ல (குடியிருப்புப் பகுதியில) வாங்குன வீட்ட பேங்க்ல வச்சு, மகன மெல்பர்னுக்கு மாஸ்டர்ஸ் படிக்க அனுப்பியிருக்காங்க. அங்க நம்ம தமிழ் ஆளு ஒருத்தர் ரெஸ்டாரண்ட்ல மணிக்கு 14 டாலர்னு கையில காசு வாங்கி வேல செஞ்சிருக்கான், அதுலயும் 9,000 டாலர் பாக்கி. கேட்டா "இமிகிரேஷனுக்கு போன் போடவா"ன்னு வாட்ஸ்அப்புல மிரட்டுறாரு. இப்ப 4,000 தரேன், வந்து ஒரு பேப்பர்ல சைன் போடுங்கிறாராம். இங்க போலீஸ் ரிப்போர்ட் செய்யலாமா, லோயர் லெட்டர் அனுப்பலாமான்னு கேக்குறாங்க.

அக்கா, ரிப்போர்ட்டும் வேணாம், லெட்டரும் வேணாம். சுங்கை சிப்புட் ஸ்டேஷன்ல எழுதுறது மெல்பர்ன்ல செல்லாது. அந்தாளு கோயிலுக்கு நன்கொட குடுக்குறாரு, ஊர்ல பெரிய மனுஷன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க, அதெல்லாம் கேஸுக்கு உதவாது. நடுவுல ஒரே ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, "புள்ள செமஸ்டர் நேரத்துலயும் வாரத்துக்கு 30 மணி நேரம் ஓடி ஓடி ஒழச்சான்"னு. கேஸே அதுதான்.

ஸ்டூடண்ட் விசா 500ல 8105னு ஒரு கண்டிஷன் இருக்கு. 2023 ஜூலை 1லேருந்து, கிளாஸ் நடக்குற காலத்துல ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான், செமஸ்டர் லீவுல கணக்கு இல்ல. புள்ளைங்க மாட்டுறது இந்த ரெண்டு வாரத்த எண்ணுறதுலதான். ஒவ்வொரு திங்கக்கிழமையும் புதுசா ஒரு 14 நாள் கணக்கு ஆரம்பிக்குது. மொத வாரம் 18, ரெண்டாவது வாரம் 30, மொத்தம் 48, சரியா இருக்குன்னு நெனச்சுட்டு மூணாவது வாரம் 30, நாலாவது வாரம் 18 செஞ்சா, அவன் எண்ணுறப்ப ரெண்டு ஜோடியும் 48தான், ஆனா ரெண்டாவதும் மூணாவதும் சேத்தா 60, தப்பு நடந்துருச்சு. மோட்டார்ல சாப்பாடு டெலிவரி பண்ணதும் இந்த கணக்குலதான் வரும், சொந்த பிசினஸ்னு பதிவு போட்டிருந்தாலும் வரும். உங்க மகன் வாரம் 30ன்னா கணக்கு பாக்கவே தேவயில்ல. ஆஸ்திரேலிய மைக்ரேஷன் சட்டத்து 116வது செக்ஷன்ல விசாவ கேன்சல் பண்ணலாம், கட்டாயமா பண்ணணும்னு இல்ல, ஆனா பண்ணிட்டா பெரும்பாலான தற்காலிக விசாவுக்கு மூணு வருஷம் வாசல் மூடிரும்.

இப்ப அந்த பேப்பருக்கு வரேன், எனக்கு பயமே அதுலதான். இந்த மாதிரி முதலாளிங்க நீட்டுற பேப்பர்ல "வாரத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல வேல செய்யல, முழு சம்பளமும் வாங்கிட்டேன்"னு எழுதியிருக்கும், கூடவே புதுசா அடிச்ச பேஸ்லிப்பும் வரும். ரெண்டு பேருக்கும் நல்லதுதானேன்னு பையனும் சந்தோஷமா சைன் போடுவான், அப்புறம் அதே பேஸ்லிப்ப அடுத்த விசாவுக்கு அனுப்புவான். என்கிட்ட வந்தவங்கள்ல கெட்டுப்போன புள்ளைங்க எல்லாம் கூடுதலா வேல செஞ்சு கெட்டதில்ல, அத மறைக்கப் போயி கெட்டவங்க. வரி ஆபிஸுக்கும் இமிகிரேஷனுக்கும் டேட்டா போக வர இருக்கு, பேங்க்ல வாரா வாரம் போட்ட ரொக்கம் தேதியோட நிக்குது. பொய் பேப்பர்னு தெரிஞ்சா 4020னு ஒரு விதி, அதுல கேட்ட விசாவும் கெடைக்காது, மேல மூணு வருஷத் தடையும் வரும். அடுத்த விசா படிவத்துல முன்னாடி கண்டிஷன மீறியிருக்கியான்னு கேப்பான். அதுக்கு மட்டும் பொய் சொல்லவே கூடாது.

அந்தாளு செய்யறதும் குத்தம்தான். 2025 ஜூலையிலேருந்து அங்க குறைஞ்சபட்ச சம்பளம் மணிக்கு 24.95, கேஷுவலுக்கு, அதாவது நிரந்தரமில்லாத வேலைக்கு, 25 சதவீதம் கூட, அப்படிப் பாத்தா 31 டாலருக்கு மேல, 14 டாலர் அநியாயம். விசாவக் காட்டி தொழிலாளிய மிரட்டுறது 2024 ஜூலையிலேருந்து கிரிமினல் குத்தம், அந்த வாட்ஸ்அப்ப அழிக்காம வைக்கச் சொல்லுங்க. சம்பளப் புகார பாக்குற அங்கத்து அரசாங்க அமைப்பு ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன்கிட்ட போனா விசா கேன்சலாகாம பாதுகாப்பு கெடைக்க வழியும் இருக்கு, ஆனா சுரண்டல் நடந்ததுன்னு முறையா சர்டிபிகேட் வேணும், அந்த சுரண்டலாலதான் கண்டிஷன் மீறுச்சுன்னு தொடர்பும் காட்டணும். இங்க வீட்டுக் கடன் கட்டணும்னு அவனா கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தா அந்தத் தொடர்பு பலவீனம்தான்.

அதனால வெளிப்படையா சொல்றேன், செட்டில் பண்ணுங்க. 6,000 கேளுங்க, 4,000க்கே நின்னாலும் எடுத்துக்குங்க. ஆனா காசு பேங்க் வழியா வரணும், பேப்பர்ல சம்பள பாக்கி தீந்துச்சுன்னு மட்டும் இருக்கணும், மணிக்கணக்கு பத்தி ஒரு எழுத்து பொய் இருந்தாலும் எழுந்து வந்துரட்டும். காசே வரலன்னாலும் பரவால்ல, சம்பள கேஸுக்கு 6 வருஷம் டைம் இருக்கு. சைன் வைக்கிறதுக்கு முன்னாடி அங்க பதிவு நம்பர் உள்ள மைக்ரேஷன் ஏஜெண்ட் இல்லாட்டி அங்கத்து லோயர்கிட்ட காட்டட்டும், நான் மலேசிய லோயர், அந்த கேஸ நான் எடுத்து நடத்த முடியாது.

இன்னொன்னு. படிப்பு முடிச்சு வேல செய்யற 485 விசாவுக்கு கோர்ஸ் முடிஞ்ச தேதியிலேருந்து 6 மாசந்தான். அந்தத் தேதிய யூனிவர்சிட்டி லெட்டர்ல போட்டிருப்பாங்க, நீங்க பட்டுப்புடவ கட்டிக்கிட்டு ப்ளேன் ஏறப்போற பட்டமளிப்பு விழா தேதி இல்ல அது. மலேசிய பாஸ்போர்ட்டுக்கு இங்லீஷ் டெஸ்ட் உண்டு, அந்த ரிசல்ட் அப்ளை பண்றதுக்கு முந்தின ஒரு வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், ஆஸ்திரேலிய ஃபெடரல் போலீஸ் செக்குக்கும் இப்பவே போட்டுரச் சொல்லுங்க.