வீட்டிலும் முற்றத்திலும் உண்ணித் தொல்லை: நாயை வெளியே அனுப்பினால் தீருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதை வாரம் இருமுறை குளிப்பாட்டுகிறீர்கள். முற்றத்துப் புல்லையும் ஒட்ட வெட்டிவிட்டீர்கள். அப்படியிருந்தும் கூரையை ஒட்டிய சுவரில் உண்ணிகள் ஊர்கின்றன. ஆகவே நாயைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு, வீட்டை ஒரு மாதம் பூட்டிவைத்தால் அவை பட்டினி கிடந்து செத்துவிடுமா என்று கேட்கிறீர்கள். சாகமாட்டா. ஏறத்தாழ இதே யோசனையை நாங்கள் செயல்படுத்திப் பார்த்து, இருந்த தொல்லையை இரண்டு மடங்காக்கிக்கொண்டோம். அந்த அனுபவத்தை வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நாங்கள் நாயை வேறு வீட்டுக்கு அனுப்பவில்லை. பின்புறத்தில் இருந்த விறகுக் கொட்டகையில் மூன்று வாரம் கட்டிவைத்தோம். வீட்டுக்குள் இருந்த உண்ணிகளுக்குப் பழகிய உணவு கிடைக்காமல் போகவே, அதுவரை மனிதரை அவ்வளவாகத் தொடாதிருந்தவை படுக்கை விரிப்பில் தென்பட ஆரம்பித்தன. ஒன்று என் மகளின் காதுக்குப் பின்னால் கடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கொட்டகையிலோ நாயின் உடலில் இருந்த உண்ணிகள் இரத்தம் குடித்துக் கீழே உதிர்ந்து, அங்கிருந்த மரப்பலகைகளின் இடுக்குகளில் புதிதாகக் குடியேறிவிட்டன. ஒரு வீட்டுக்கு இரண்டு குடியிருப்புகளாக அவற்றுக்கு நாங்களே அமைத்துக் கொடுத்திருந்தோம்.

இது ஏன் நிகழ்ந்தது என்பதை உண்ணியின் வாழ்க்கையை அறிந்த பிறகே விளங்கிக்கொண்டேன். உண்ணி என்பது தெள்ளுப்பூச்சியைப் போன்ற ஆறுகால் பூச்சியன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவு. அதனால் குதிக்கவோ பறக்கவோ இயலாது. ஊர்ந்துதான் ஏற வேண்டும். உலகில் உண்ணி வகைகள் பல நூறு இருந்தாலும், வீட்டுச் சுவருக்குள்ளேயே முட்டையிட்டு, பொரிந்து, வளர்ந்து, தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும் வல்லமை பெற்றது பழுப்பு நிற நாய் உண்ணிதான். நீங்கள் சுவரின் மேற்பகுதியில் ஊர்வதைக் கண்டதாகச் சொல்வதால், உங்கள் வீட்டில் இருப்பதும் பெரும்பாலும் அதுவே. இரத்தம் குடித்து நிறைந்த பெண் உண்ணி மேல்நோக்கி ஏறி, கதவு நிலைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட பிளவு, கூரையின் விளிம்பு, திரைச்சீலையின் மடிப்பு போன்ற மறைவிடங்களைத் தேடிச் செல்வது அதன் இயல்பு. அந்த நிலையில் அது சாம்பல் நிறத்தில் உருண்டு, சிறிய ஆமணக்கு விதையைப் போலவே இருக்கும். (லத்தீன் மொழியில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ரிசினஸ் என்ற ஒரே சொல் வழங்குவதை அறிந்தபோது, அந்த ஒப்புமையை நமக்கு முன்பே வேறு சிலரும் கண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.)

மறைவிடத்தை அடைந்த அந்தப் பெண் உண்ணி ஆயிரக்கணக்கில், சில வேளைகளில் 4000 முட்டைகள் வரை இட்டுவிட்டு இறந்துபோகிறது. இரண்டு முதல் ஐந்து வாரங்களில் முட்டைகள் பொரிந்து, கடுகைவிடச் சிறிய, ஆறு கால்கள் மட்டுமே உடைய குஞ்சுகள் வெளிவருகின்றன. அவை நாயின் மீது ஏறிச் சில நாட்கள் இரத்தம் குடித்து, உதிர்ந்து, மறைவிடத்தில் தோலுரித்து, எட்டுக் கால்களுடைய இளம் உண்ணிகளாகின்றன. இளம் உண்ணிகளும் அவ்வாறே ஏறி, குடித்து, உதிர்ந்து, தோலுரித்து முதிர்ச்சி அடைகின்றன. ஆக, ஓர் உண்ணி தன் வாழ்நாளில் நாயின் உடலில் ஏறுவது மூன்று முறைதான். எஞ்சிய காலம் முழுவதும் அது சுவரிலும் தரையிலும் ஒளிந்திருக்கிறது. வெப்பமான சூழலில் இந்தச் சுற்று முழுவதும் இரண்டு மாதங்களில்கூட முடிந்துவிடும். வாரம் இருமுறை குளிப்பாட்டும்போது அன்றைக்கு நாயின் மீது இருப்பவற்றில் சில போகலாம். சுவரில் காத்திருப்பவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. முதிர்ந்த உண்ணி உணவே இல்லாமல் 18 மாதங்கள் வரை உயிர் வாழக்கூடியது என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாதம் வீட்டைப் பூட்டுவது அவற்றுக்கு ஓய்வு கொடுப்பதாகவே முடியும் என்பது தெளிவாகும்.

எனவே என் பரிந்துரை, நாயை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதன் உடலில் ஏறும் உண்ணி எதுவும் உயிரோடு இறங்காதபடி செய்யுங்கள் என்பதே. ஆயிரம் இடுக்குகளில் ஒளிந்திருப்பவற்றை நாம் தேடிப் பிடிக்க இயலாது. ஆனால் அவை நாயின் மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் முன்னங்கால்களில் உள்ள உணர்வுறுப்பால் அறிந்து தாமாகவே தேடி வருகின்றன. முறையாக மருந்து கொடுக்கப்பட்ட நாய் தன் வழக்கமான இடங்களில் நடந்து, படுத்து, புரளும்போது, மறைந்திருக்கும் உண்ணிகளை நாள்தோறும் தன்மீது ஏற்றிக்கொண்டு அழிக்கிறது. இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் எங்கள் வீட்டில் நிலைமை மாறத் தொடங்கியது.

எந்த மருந்து என்பதைக் கால்நடை மருத்துவர்தான் நாயின் எடை, வயது, உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மென்று தின்னும் மாத்திரைகள், பிடரியில் விடும் சொட்டு மருந்துகள், கழுத்துப் பட்டைகள் என மூன்று விதங்கள் பரவலாக உள்ளன. மாத்திரைகளில் பெரும்பாலானவை ஐசாக்ஸசோலின் என்னும் வகையைச் சேர்ந்தவை. ஃப்ளூராலேனர், அஃபாக்ஸோலேனர் முதலியன இவ்வகையில் அடங்கும். உண்ணி கடித்து இரத்தம் குடித்தால்தான் இவை வேலை செய்யும் என்பதால், மாத்திரை கொடுத்த பிறகும் நாயின் மீது சில உண்ணிகளைக் காண நேரிடும். அதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இவ்வகை மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமோ வலிப்போ வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது; உங்கள் நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஃபிப்ரோனில், பெர்மெத்ரின் ஆகியவற்றுக்கு நாய் உண்ணிகள் சில இடங்களில் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதால், ஒரு மருந்து பயன் தராவிட்டால் அதன் அளவைக் கூட்டாமல் வேறு வகைக்கு மாறுவதைப் பற்றிக் கேளுங்கள்.

வீட்டில் பூனையும் இருந்தால் ஒரு விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனையின் உயிரையே பறிக்கக்கூடியது. பூனையின் ஈரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடிவதில்லை. மருந்திட்ட நாயைப் பூனை உரசுவதும் நக்குவதும்கூட ஆபத்தானது. உணவில் பூண்டு கலந்து கொடுத்தால் உண்ணி அண்டாது என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. உண்ணியை விரட்டப்போய் நாய்க்கு இரத்தசோகையை வரவழைப்பதில் என்ன பயன்?

வீட்டுக்குள் செய்ய வேண்டிய வேலையில் எனக்கு மிகவும் பயன்பட்ட கருவி வேக்குவம் கிளீனர்தான். நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள சுவரின் அடிப்பகுதி, தரைவிரிப்பின் ஓரம், மெத்தைகளின் தையல், கட்டிலின் அடிப்புறம், கதவு நிலைகளின் மேல்விளிம்பு ஆகியவற்றை முதல் மாதத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உறிஞ்சி எடுத்தோம். பையில் சேர்ந்ததை உடனே நெகிழிப் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்தினோம். அவ்வாறு கட்டாமல் விட்டால் அவை நடந்தே திரும்பி வந்துவிடும். நாயின் படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து, துணி உலர்த்தும் இயந்திரத்தில் மிகுந்த சூட்டில் உலர்த்துவது நல்லது; உண்ணி நீருக்கு அஞ்சாது, வறண்ட வெப்பத்துக்குத்தான் தோற்கும். சுவரில் கண்ணுக்குத் தெரிபவற்றை ஒட்டும் டேப்பால் எடுத்து, டேப்பை மடித்து ஒட்டிவிடுவது, விரலால் நசுக்குவதைவிட எளிது, தூய்மையும்கூட. பிளவுகளைக் காரை பூசி அடைத்தது சலிப்பூட்டும் வேலைதான் என்றாலும், அதன் பலன் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

பூச்சிக்கொல்லி தெளிக்க வேண்டியிருந்தால், உறையின் மேல் உண்ணிக்கானது என்று தெளிவாக அச்சிடப்பட்டதை மட்டும் வாங்கி, பிளவுகளுக்குள்ளும் ஓரங்களிலும் செலுத்துங்கள். அறை முழுவதும் புகையாகப் பரவும் குப்பிகளை நாங்களும் ஒருமுறை வாங்கினோம். அந்தப் புகை திறந்த பரப்பில் படிகிறதேயன்றி, உண்ணி ஒளிந்திருக்கும் இடுக்குக்குள் நுழைவதில்லை. தெளிக்கும் மருந்துகள் பொதுவாக முட்டையை அழிப்பதில்லை என்பதால், ஒரே முறையில் முடிந்துவிட்டதாக எண்ணாமல், உறையில் குறித்துள்ள இடைவெளியில் மீண்டும் தெளிக்க வேண்டும். சுவரில் மண்ணெண்ணெய் பூசுவதையும், நெருப்பால் சுடுவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பாகவோ, நாய்கள் பல உள்ள இடமாகவோ இருந்தால், தொழில்முறைப் பூச்சிக்கட்டுப்பாட்டாளரை அழைப்பதே மலிவாக முடியும்.

முற்றத்தைப் பொறுத்தவரை நீங்கள் புல்லை வெட்டியது தவறன்று, ஆனால் அது வேறு வகை உண்ணிகளுக்கான மருந்து. காட்டுவிளிம்பிலும் உயர்ந்த புல்லிலும் வாழும் உண்ணிகள் புல்லின் நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டி, கடந்து செல்லும் விலங்கைப் பற்றிக்கொள்ளக் காத்திருக்கின்றன. அவற்றில் பல வகைகளுக்கு ஈரம் இன்றியமையாதது. வெயில் படும் குட்டையான புல்வெளியில் அவை காய்ந்துபோகும். ஆகவே அவற்றுக்குப் புல்வெளியின் நடுப்பகுதியைவிட ஓரங்களே முக்கியமானவை. உதிர்ந்த இலைக்குவியலை அகற்றி, புதர்களைக் கழித்து வெயில் விழச் செய்து, புதரும் புல்வெளியும் சந்திக்கும் எல்லையில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல்லோ மரச்சீவலோ பரப்பினால், அந்த வறண்ட பட்டையைக் கடப்பது அவற்றுக்குக் கடினம். விறகை உலர்ந்த இடத்தில் ஒழுங்காக அடுக்கி, எலிகள் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பல வகை உண்ணிக் குஞ்சுகள் முதலில் இரத்தம் குடிப்பது எலிகளிடம்தான். உண்மையிலேயே முற்றத்தில் உண்ணி இருக்கிறதா என்று அறிய, வெள்ளைக் கம்பளித் துணி ஒன்றைக் கோலில் கட்டிப் புல்லின் மேல் மெதுவாக இழுத்துச் சென்று, சில அடிகளுக்கு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எங்கள் புல்வெளியில் அப்படி ஒன்றுகூடச் சிக்கவில்லை. நாய் பகலில் படுக்கும் படிக்கட்டின் பிளவிலும், சுற்றுச்சுவரின் இடுக்கிலும் டஜன் கணக்கில் இருந்தன. நாய் உண்ணி மற்றவற்றைவிட வறட்சியைத் தாங்குவது; முற்றத்தில் அது தேடுவது புல்லையல்ல, நாய் படுக்கும் இடத்தை ஒட்டிய விரிசலையே. ஆகவே முற்றம் முழுவதும் மருந்து தெளித்துத் தேனீக்களையும் குளத்து மீன்களையும் கொல்ல வேண்டிய தேவை உங்களுக்கு இருக்காது.

கடித்து ஒட்டியிருக்கும் உண்ணியை அகற்றுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில்தான் நான் முதலில் மிகவும் தவறினேன். எண்ணெய் தடவுவதும், எரிந்த தீக்குச்சியால் சுடுவதும் கூடாது. அது தன் உமிழ்நீரையும் குடித்த இரத்தத்தையும் காயத்துக்குள் கக்க நேரலாம். கூர்முனை உள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், சீராக மேல்நோக்கி இழுங்கள். பிறகு இடத்தைச் சோப்பால் கழுவுங்கள். வாயுறுப்பு உள்ளே முறிந்து, எளிதில் வராவிட்டால் தோண்ட வேண்டாம், தோலே அதை நாளடைவில் வெளியேற்றிவிடும். உண்ணி வழியே பரவும் நோய்க்கிருமிகளில் சில உடலுக்குள் செல்லப் பல மணி நேரம் தேவைப்படுவதால், அன்றன்றைக்குப் பார்த்து எடுப்பதற்கு உண்மையான பயன் உண்டு. நாயின் காதுக்குள், கால்விரல்களின் இடையில், கழுத்துப் பட்டையின் அடியில், அக்குளில், வாலின் கீழ் என்ற வரிசையில் தினமும் தடவிப் பாருங்கள். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்திருந்தால் எர்லிக்கியா, பேபிசியா போன்ற கிருமிகளின் தொற்றாக இருக்கக்கூடும். காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வீட்டில் யாருக்காவது கடிபட்ட சில வாரங்களுக்குள் காய்ச்சலோ தோலில் தடிப்போ தோன்றினால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகவே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் வேறு காய்ச்சல்களைத்தான் தேடுவார்.

எங்கள் வீட்டில் மருந்து தொடங்கிய இரண்டாம் வாரத்தில் சுவரில் தென்பட்ட எண்ணிக்கை குறைந்தது. ஐந்தாம் வாரத்தில் குஞ்சுகள் ஒரேயடியாகப் பெருகி, என் மனைவி எல்லாம் வீண் என்று கைவிரித்துவிட்டார். முன்பே இட்டிருந்த முட்டைகள் பொரிந்ததன் விளைவே அது. அந்த வாரத்தில் மருந்தை நிறுத்தியிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருப்போம். நான்காம் மாதத்துக்குப் பிறகு ஒன்றும் தென்படவில்லை. ஆயினும் மருந்தை ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுத்துவருகிறோம். நாய் வேறு நாய்களுடன் தங்கிவிட்டுத் திரும்பும் நாட்களில், வாசலிலேயே நிறுத்திச் சீப்பால் வாரிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறோம்.