மனைப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும், ஆச்சி

போன சனிக்கிழமை நீங்கள், அண்ணன், மகள், உங்கள் தம்பி என்று நாலு பேராக வந்தீர்கள். பிள்ளையின் மேற்படிப்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதில் பெரும்பகுதி பேசியது பிள்ளையின் அம்மானான உங்கள் தம்பி. பிள்ளை வாயைத் திறந்தது இரண்டு தடவைதான். கிளம்பும்போது உங்கள் கண் கலங்கியிருந்தது. "கவலைப்படாதீங்க ஆச்சி, எல்லாம் நல்லபடியா அமையும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படி அனுப்பியிருக்கக் கூடாது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

சென்னைத் தனியார் பல்கலைக்கழகத்தில் அந்த ஐந்து வருட எம்.பி.ஏ. உங்கள் மகளுக்கு வேண்டாம்.

கல்லூரிக் கட்டணம் வருடத்துக்கு மூன்றரை லட்சம், விடுதி ஒன்றே கால் லட்சம் என்றீர்கள். ஐந்து வருடத்துக்கு இருபத்து மூன்றே முக்கால் லட்சம். மனையை விற்றால் எட்டு லட்சம் தேறும், மீதிக்கு வங்கிக் கடன் என்பது உங்கள் தம்பியின் யோசனை. மீதியைப் பதினைந்து லட்சம் என்றே வைத்து, அந்தக் கடனை பத்து சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 19,800 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. தேவகோட்டையில் ஒரு பலசரக்குக் கடையை வைத்துக்கொண்டு, இன்னொரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது, இந்தச் சுமையை ஏற்றாதீர்கள். பெரிய கம்பெனிகள் வளாகத்துக்கே வந்து வேலைக்கு எடுக்கும் என்ற பேச்சை நம்பி இருக்கும் ஒரே மனையை விற்பதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

சி.ஏ., வங்கித் தேர்வு, ஆசிரியர் பயிற்சி பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் பேச வந்தது வேறு.

அன்றைக்கு நீங்கள் மூவரும் கட்டணப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிள்ளை பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். அவள் அப்பத்தா இருக்கும் மகளிர் குழுவின் கணக்கு. பன்னிரண்டு பேர் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தில் 177 ரூபாய் இடித்திருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டு மூன்று வாரமாகத் தேடியிருக்கிறாள். கடைசியில் அது வங்கி பிடித்த கட்டணம் என்று கண்டுபிடித்து, பாஸ்புக் பக்கத்தை நகலெடுத்து அங்கேயே ஒட்டியிருக்கிறாள். "விட்டிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்களே?" என்றேன். "எனக்குத் தூக்கம் வராதுங்க" என்றாள். அந்த இரண்டு தடவையில் இது ஒன்று.

அந்தக் குணத்துக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. நம் பக்கத்தில் அதை யாரும் ஒரு படிப்பாகவோ தொழிலாகவோ நினைப்பதில்லை. தொண்டு நிறுவனங்களுக்கு வரும் அரசு மானியத்தின் கணக்கைக் கண்காணிக்கும் வேலை அது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம், போதை மறுவாழ்வு மையம் என்று எத்தனையோ இடங்கள் மத்திய, மாநில அரசுகளின் மானியத்தில் நடக்கின்றன. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நல்ல மனசுக்காரர்கள் கிடைத்துவிடுகிறார்கள். கணக்கைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். மத்திய அரசின் மானியத்துக்கு 2017-ஆம் வருடத்து பொது நிதி விதிகள் பொருந்தும். பணம் வரும்போதே சம்பளத்துக்கு, பொதுச் செலவுக்கு, சொத்து வாங்க என்று தலைப்புப் பிரித்துத்தான் வரும். சம்பளத் தலைப்பில் வந்த பணத்தில் கட்டில் வாங்க முடியாது, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். மானியப் பணம் வங்கியில் இருந்த நாளுக்கு வட்டி வந்தால், கணக்கு முடிந்ததும் அந்த வட்டியை அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டும். மானியத்தில் வாங்கிய பொருளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. அனுமதி இல்லாமல் அதை விற்கவும் கூடாது. நிதியாண்டு முடிந்த பன்னிரண்டு மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். அலுவலகங்களில் இதை யூ.சி. என்பார்கள். படிவத்தின் பெயர் 12-ஏ. முன்வருட மீதி, வட்டி, திருப்பிக் கட்டியது, வந்தது, செலவு, கையிருப்பு எல்லாம் அதில் வரிசையாக வர வேண்டும். கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று நிறுவனத் தலைவருடையது, இன்னொன்று நிதிப் பொறுப்பாளருடையது. அந்த இரண்டாவது கையெழுத்து ஒருநாள் உங்கள் மகளுடையதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்தக் கையெழுத்தின் பலம் எனக்குப் பட்டுத்தான் தெரியும். சில வருடங்களுக்கு முன்பு ஒரு சிறப்புப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். நேர்மையான இடம். ஒரு பைசா யாரும் எடுக்கவில்லை. ஆனால் ரசீதுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்கள். மளிகைக் கடை மெஷினில் அடித்துத் தரும் வழவழப்பான ரசீதில் எழுத்து ஒரே வருடத்தில் மங்கிவிடும். எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். வட்டியையும் யூ.சி.யில் காட்டவில்லை. சான்றிதழ் திரும்பி வந்தது, அடுத்த தவணை நின்றது. ஏழு மாதம் ஆசிரியைகளுக்குச் சம்பளம் இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்த ஒரு அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துவிட்டுத் தினமும் பஸ்ஸில் வந்துபோனார். குழுவில் இருந்த நானும் அந்த டின்னை ஒரு நாள்கூடத் திறந்து பார்க்கவில்லை. ரசீது வந்த அன்றைக்கே நகலெடுத்து ஒட்டும் ஒரு பிள்ளை அங்கே இருந்திருந்தால் அந்த ஏழு மாதம் வந்திருக்காது.

இது மூலையில் உட்கார்ந்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் தட்டும் வேலை மட்டும் இல்லை. வாங்கிய மானியம் 25 லட்சத்துக்குக் குறையாமலும், நிறுவனத்தின் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால், 1971-ஆம் வருடச் சட்டப்படி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆட்களே வந்து கணக்கைப் பார்க்கலாம். அவர்கள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். "அவசரத்துக்குச் சமையல்காரருக்கு அந்தத் தலைப்பிலேயே கொடுத்துடும்மா" என்று செயலாளரே கேட்டாலும் "முடியாதுங்க" என்று மரியாதையாகச் சொல்லத் தெரிய வேண்டும். உங்கள் மகள் அதிகம் பேசாதவள் என்று வருத்தப்பட்டீர்களே, இந்த ஒரு வார்த்தையை அவள் சொல்வாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வழி என்ன என்று கேட்பீர்கள். காரைக்குடி அழகப்பா அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். 1947-இல் தொடங்கிய கல்லூரி. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம், கட்டணம் சில ஆயிரத்தில் முடியும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். இரண்டாம் வருடத்திலிருந்து, டிரஸ்ட் கணக்குகள் பார்க்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மாலை நேரம் உட்காரட்டும். டிரஸ்டுகளுக்கான வருமான வரிப் பதிவு, வருடாந்திர வரிக் கணக்குத் தாக்கல், பணம் கொடுக்கும்போதே வரி பிடிக்கும் டி.டி.எஸ்., மானியப் பணம் போகும் வழியைக் காட்டும் பி.எஃப்.எம்.எஸ். இணையதளம் எல்லாம் வகுப்பறையில் வராது, அங்கேதான் வரும். டிகிரி முடித்து வேலை பார்த்துக்கொண்டே சி.எம்.ஏ. என்ற செலவுக் கணக்கியல் தேர்வை எழுதலாம். அரசு வேலைதான் வேண்டும் என்றாலும் கதவு மூடவில்லை. டி.என்.பி.எஸ்.சி. வழியாக உள்ளாட்சி நிதி தணிக்கைத் துறைக்குப் போகலாம், மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு வழியாக மத்தியத் தணிக்கைத் துறைக்குப் போகலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். சிறிய நிறுவனத்தில் ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். முதல் இரண்டு மூன்று வருடம் அம்மான் வீட்டு விசேஷத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆனால் கடன் தவணை என்று ஒன்று இல்லாத வீட்டில் அந்தச் சம்பளம் முழுதாகக் கைக்கு வரும்.

உங்கள் தம்பி ஒன்று சொன்னார்: "கணக்கப்பிள்ளை வேலைக்கா அக்கா இவ்வளவு படிக்க வைக்கிறது?" எனக்குச் சுருக்கென்றது. நம் ஊர்ப் பிள்ளைகள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்தப் போனபோது, வேலை பழகும் பெட்டியடிப் பையனாகத்தான் போனார்கள். பேரேடு எழுதக் கற்று, உதவியாளரான அடுத்தாளாகி, பிறகுதான் கடைப் பொறுப்புக்கு வந்தார்கள். இந்த வளவுகளும் முகப்புகளும் அந்தக் கணக்கில் எழுந்தவை. லாபத்தில் தர்மத்துக்கென்று மகமை எடுத்து வைத்து அதற்கும் தனியாகக் கணக்கு எழுதியவர்கள் நம் ஐயாக்கள். உங்கள் தம்பி அக்கறையில்தான் பேசினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் படிக்கப் போவது அவர் இல்லை, கடனை அடைக்கப் போவதும் அவர் இல்லை.

வருகிற சனிக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தம்பியும் வரட்டும். நான் சொன்ன அந்தச் சிறப்புப் பள்ளிக்குப் போவோம். இப்போது அங்கே ஒழுங்காகக் கோப்பு வைத்திருக்கிறார்கள், பார்க்கக் கேட்டிருக்கிறேன். முதலில் வகுப்பறைகளைப் பார்க்கட்டும், பிறகு கணக்கு அறையில் அரை நாள் உட்காரட்டும். திரும்பி வரும் வழியில் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம். வீட்டுக்கு வந்து, அவளாக வாயைத் திறக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் என்று ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.