டெயில்வீல் பழக யாரிடம் போவது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூக்குச் சக்கர விமானத்தில் 120 மணி நேரம் பறந்திருக்கிறேன். அடுத்து டெயில்வீல் (மூக்குக்குப் பதில் வாலின் அடியில் சிறு சக்கரம் உள்ள விமானம்) பழக ஆசை. எங்கள் கிளப்பில் இரண்டு இன்ஸ்ட்ரக்டர்கள் முன்வருகிறார்கள். ஒருவருக்கு 12,000 மணி நேர அனுபவம், பெரும்பாலும் ஜெட். மற்றவருக்கு 900 மணி நேரம்தான், ஆனால் வாராவாரம் எஞ்சின் இல்லாத கிளைடர்களைத் தன் விமானத்தால் இழுத்து மேலே ஏற்றுகிறார். யாரைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கிளைடர் இழுப்பவரை. ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மொத்த மணிக்கணக்கை வைத்து டெயில்வீல் திறமையை அளக்க முடியாது. நீண்ட தூர ஜெட்டில் பத்து மணி நேரம் பறந்தால் கிடைப்பது ஒரே ஒரு தரையிறக்கம். இழுவை விமானம் நல்ல நாளில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்து விமானத்தை நேராக வைக்கும் கால் பழக்கம் அப்படி வருவதுதான், அதுவும் சில மாதம் விட்டால் மங்கிவிடும். "எத்தனை ஆயிரம் மணி" என்று கேட்பதைவிட "கடைசியாக எப்போது" என்று கேட்பதில் பலன் அதிகம்.

உறுதி செய்ய வேண்டியதில் முதலாவது: அவர் இழுக்கும் விமானம் டெயில்வீல்தானா? மூக்குச் சக்கரம் வைத்த இழுவை விமானங்களும் இருக்கின்றன. இரண்டாவது: அவர் டெயில்வீலில் மாணவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாரா? பைப்பர் பானி போன்ற இழுவை விமானத்தில் இருப்பது ஒற்றை இருக்கை. தன் கையால் அழகாக இறக்குவது ஒரு திறமை. பக்கத்தில் இருப்பவர் தப்பான பெடலை மிதிக்கும்போது, சரியான நொடியில் விமானத்தை மீட்பது முற்றிலும் வேறு திறமை.

சட்டம் இதில் உங்களுக்கு அதிகம் உதவாது. அமெரிக்க விதிப்படி மாணவரின் லாக்புக்கில் இன்ஸ்ட்ரக்டர் என்டார்ஸ்மென்ட் (இவர் டெயில்வீல் ஓட்டலாம் என்ற கையெழுத்துக் குறிப்பு) எழுத வேண்டும். சாதாரண, குறுக்குக்காற்று டேக்-ஆஃப், லேண்டிங், வீல் லேண்டிங் (பிரதான சக்கரங்கள் மட்டும் முதலில் தொடுவது; தயாரிப்பாளர் வேண்டாம் என்று சொன்ன விமானங்களைத் தவிர), கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது) ஆகியவற்றில் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மாணவருக்கும் குறைந்தபட்ச மணி நேரம் இல்லை, இன்ஸ்ட்ரக்டர் டெயில்வீலில் இத்தனை மணி பறந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் அந்த விதியில் இல்லை. ஐரோப்பாவில் இது ஒற்றை எஞ்சின் ரேட்டிங்குக்குள் (லைசென்ஸில் சேரும் தகுதி) வரும் வேறுபாட்டுப் பயிற்சி, அதாவது விமான அமைப்பு மாறும்போது எடுக்கும் கூடுதல் பயிற்சி, அதையும் இன்ஸ்ட்ரக்டர்தான் லாக்புக்கில் பதிந்து கையெழுத்திடுகிறார். ஆக, காகிதத்தில் தகுதியுள்ளவர் பலர் கிடைப்பார்கள். அவர்களில் யார் நிஜமாகவே தகுதியானவர் என்று விசாரிக்கும் பொறுப்பு உங்களுடையது.

கேள்வி: எங்கள் விமானதளத்தில் டெயில்வீல் விமானமே இல்லை. எங்கே தேடுவது?

பதில்: புல் ரன்வே உள்ள சிறு தளங்களில் தொடங்குங்கள். ஏரோபாட்டிக்ஸ் (வான் சாகசம்) கற்றுத்தரும் பள்ளிகள் அடுத்தது. அங்கே பயன்படும் சிட்டாப்ரியா, டெக்கத்லான், பிட்ஸ் விமானங்கள் எல்லாமே டெயில்வீல் என்பதால் அங்கே இந்தப் பயிற்சி அன்றாட வேலை. கிளைடர் கிளப்புகள், பயிருக்கு மருந்து தெளிப்பவர்கள், பழைய விமானங்களின் உரிமையாளர் சங்கங்கள் ஆகிய இடங்களிலும் கேட்கலாம். உரிமையாளர் சங்கத்தில் ஒரு கூடுதல் லாபம் உண்டு: அந்தக் குறிப்பிட்ட மாடலை நன்கு அறிந்தவரின் பெயரே கிடைத்துவிடும்.

அதிகம் பேர் யோசிக்காத இரண்டு இடங்களைச் சொல்கிறோம். ஒன்று, டெயில்வீல் விமானங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். யாருடைய விமானத்தில் டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேய்கின்றன, எது அடிக்கடி இறக்கை நுனி உரசி வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மற்றது, விமானக் காப்பீட்டு முகவர். நஷ்டஈடு கொடுப்பது காப்பீட்டு நிறுவனம் என்பதால், எந்த இன்ஸ்ட்ரக்டரின் பெயரைப் பாலிசியில் சேர்க்க அது தயங்குவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கேள்வி: போனில் பேசும்போது என்னென்ன கேட்டால் ஆளை எடைபோடலாம்?

பதில்: கடந்த 90 நாளில் டெயில்வீலில் எத்தனை தரையிறக்கம், அதில் எத்தனை மாணவருடன்? இதுதான் முதல் கேள்வி. இரண்டாவது, எந்த இருக்கையிலிருந்து கற்றுத்தருகிறார் என்பது. பைப்பர் ஜே-3 கப் விமானத்தில் எடைச் சமநிலைக்காகத் தனியே பறப்பவர் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். எனவே மாணவர் முதல் நாளிலிருந்தே பின்னால், இன்ஸ்ட்ரக்டர் முன்னால். சிட்டாப்ரியாவில் நேர் எதிர். பின் இருக்கையில் இருப்பவருக்கு ரன்வேயைவிட உங்கள் தலையும் தோளும்தான் அதிகம் தெரியும். ஒரு விமானத்தில் முன்னால் அமர்ந்தே பழகியவர், இன்னொன்றில் பின்னாலிருந்து கற்பிக்கத் தனியாகப் பழகியிருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம்: "மூக்கு ஒருபக்கம் போகத் தொடங்கினால் நீங்கள் எப்போது கண்ட்ரோலை எடுப்பீர்கள்?" நல்ல இன்ஸ்ட்ரக்டர் இதை யோசித்து வைத்திருப்பார். "இந்த அளவு விலகினால் வாயால் சொல்வேன், இதைத் தாண்டினால் எடுத்துக்கொள்வேன், எடுக்கும்போது இந்த வார்த்தையைச் சொல்வேன், உடனே கையையும் காலையும் விட்டுவிட வேண்டும்" என்று தெளிவாக வரும் பதில். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் அவர் யோசிக்கவே இல்லை என்று அர்த்தம்.

குறுக்குக்காற்று பற்றியும் கேளுங்கள். காற்றில்லாத நாளாகப் பார்த்துப் பார்த்துப் பயிற்சி தந்து முடித்துவிடுகிறவரிடம் கற்பது பாதிப் படிப்பு. புல்லிலும் தார் ரன்வேயிலும் இரண்டிலும் இறக்க வைப்பாரா? புல்லில் டயர் கொஞ்சம் பக்கவாட்டில் வழுக்கிக்கொடுக்கும், அதனால் சிறு கோணல் மன்னிக்கப்படும். தார் அப்படியே கவ்விப் பிடிக்கும். புல்லில் மட்டும் பழகியவருக்கு முதல் தார் லேண்டிங் அதிர்ச்சியாக இருக்கும்.

எத்தனை மணி நேரம் ஆகும் என்றும் கேட்டுவிடுங்கள். மூக்குச் சக்கரத்தில் லைசென்ஸ் உள்ளவருக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 மணி நேரம். "ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம்" என்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று வகுப்பு முடிந்துவிட்டது. ஒவ்வொரு லேண்டிங்கிலும் இன்ஸ்ட்ரக்டரின் கால் பெடலில் இருப்பது எனக்குத் தெரிகிறது. இறக்கியது நானா அவரா என்றே புரியவில்லை. இது சரியா?

பதில்: முதல் வகுப்பில் சரி. மூன்றாவதிலும் தொடர்ந்தால் சரியில்லை. அவர் கால் பெடலைத் தொட்டபடி தயாராக இருக்கலாம், ஆனால் உங்கள் பிழையை உங்களுக்குத் தெரியாமலே திருத்திக்கொண்டிருந்தால் உங்கள் கால் எதையும் கற்றுக்கொள்ளாது.

ஏன் என்பதைப் பார்ப்போம். மூக்குச் சக்கர விமானத்தில் எடைமையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் அந்த எடை முன்னால் இழுத்து விமானத்தை நேராக்கிவிடும். டெயில்வீலில் எடைமையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால். மூக்கு சற்றே திரும்பியதும் பின்னாலிருக்கும் எடை முந்திக்கொண்டு வரப் பார்க்கிறது. விலகல் தன்னைத் தானே பெரிதாக்கிக்கொள்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் ரட்டரை (பெடலால் இயங்கும் வால் சுக்கான்) முழுசாக மிதித்தாலும் திரும்பாது. அதுதான் கிரவுண்ட் லூப்: விமானம் சுழல, வெளிப்பக்க இறக்கை தரையில் உரச, சில சமயம் சக்கரக் காலே மடங்கிவிடும்.

ஆகவே கற்க வேண்டியது பலமாக மிதிப்பதை அல்ல, சீக்கிரம் மிதித்துச் சீக்கிரம் விடுவதை. புதியவரின் கால் இப்படித்தான் வேலை செய்யும்: மூக்கு இடப்பக்கம் போகிறது, ஒரு கணம் தாமதம், பிறகு வலது பெடலில் பெரிய மிதி. மூக்கு திரும்ப வருகிறது. நேரானதும்தான் காலை எடுக்கிறார். அதற்குள் மூக்கு வலப்பக்கம் ஓடிவிட்டது. அடுத்த ஆட்டம் இன்னும் பெரிது. பழகிய காலில் குதிகால் தரையில் ஊன்றியிருக்கும், முன்பாதம் மட்டும் அழுத்தும், விடும், அழுத்தும், விடும். மூக்கு நேராவதற்கு முன்பே பெடல் நடுவுக்கு வந்துவிடும். இந்த நேரக்கணக்கை வாயால் விளக்க முடியாது. பிழை செய்து, அதன் விளைவைப் பார்த்து, சொந்தக் காலால் திருத்தினால்தான் வரும்.

இன்ஸ்ட்ரக்டரிடம் நேராகப் பேசுங்கள். மெதுவான டாக்ஸியில் (விமானத்தைத் தரையில் ஓட்டுவது) ஆரம்பித்து, அவர் கால் முழுவதும் தரையில் இருக்க, நீங்களே நேர்க்கோட்டில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். வேக டாக்ஸியை முதல் பயிற்சியாக வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ரட்டருக்குப் போதிய காற்று கிடைக்காத, ஆனால் கிரவுண்ட் லூப்புக்குப் போதுமான வேகம் இருக்கும் அந்த இடைப்பட்ட நிலையில் புதியவரை நெடுநேரம் வைத்திருப்பது வீண் ஆபத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். சக்கரங்கள் மூன்றும் தரையைத் தொட்டதும் ஸ்டிக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி) தளர விடுகிறீர்களா? பலர் விடுகிறார்கள், லேண்டிங் முடிந்துவிட்டதாக நினைத்து. வேகம் குறையக் குறைய ரட்டர் பலமிழக்கும், திசை காக்கும் வேலை வால் சக்கரத்தின் மேல் விழும். அதற்கு எடை வேண்டும். ஸ்டிக் வயிறு வரை பின்னால் இழுத்தபடியே இருக்கட்டும், நடை வேகத்துக்கு வரும்வரை.

கேள்வி: "வீல் லேண்டிங் அவசியமில்லை, மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும் மூன்று புள்ளி லேண்டிங்கே போதும்" என்கிறார் என் இன்ஸ்ட்ரக்டர். ஏற்கலாமா?

பதில்: அந்த விமானத்துக்குத் தயாரிப்பாளரே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏற்கலாம். இல்லையென்றால், அவருக்கே அது சரியாக வராதோ என்று சந்தேகப்பட இடமுண்டு.

வீல் லேண்டிங்கில் பிரதான சக்கரங்கள் மட்டும் முதலில் தொடும், வால் மேலேயே இருக்கும். முன்பக்கம் நன்றாகத் தெரியும், வேகம் கூடுதல் என்பதால் ரட்டருக்கும் பலம் இருக்கும். பலமான காற்றில் இது கைகொடுக்கும். சிக்கல் எங்கே என்றால், சற்று வேகமாகக் கீழே இறங்கித் தொட்டால், பின்னால் இருக்கும் எடை வாலைக் கீழே தள்ளுகிறது. இறக்கையின் கோணம் கூடுகிறது, உடனே விமானம் துள்ளி எழுகிறது. பயந்துபோய் ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிது, அதற்கடுத்ததில் ப்ரொப்பெல்லர் தரையில் அடிக்கும். அடித்தால் ப்ரொப்பெல்லரோடு செலவு நிற்காது, எஞ்சினையும் பிரித்துப் பார்க்க வேண்டிவரும். மெல்லத் தொடுவது, தொட்ட கணத்தில் ஸ்டிக்கைத் துளி முன்னால் கொடுத்துச் சக்கரத்தைத் தரையோடு வைப்பது, துள்ளினால் தள்ளாமல் த்ராட்டிலைத் திறந்து, அதாவது எஞ்சின் சக்தியைக் கூட்டி, கோ-அரவுண்ட் போவது: இந்த மூன்றையும் ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டித்தர வேண்டும். தனியாகக் கற்றுக்கொள்ளும் விஷயமல்ல. இந்தப் பாடத்துக்கு மட்டுமாவது வேறொரு இன்ஸ்ட்ரக்டரைத் தேடுங்கள்.

கேள்வி: பழைய செஸ்னா 140 வாங்கியிருக்கிறேன். அதிலேயே கற்றுத்தர ஒருவர் சம்மதித்திருக்கிறார். முன்னேற்பாடு என்ன?

பதில்: முதலில் வலது இருக்கைக்கு பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கை கொண்ட பழைய விமானங்கள் சிலவற்றில் இடப்பக்கம் மட்டுமே பிரேக் உண்டு. அப்படியானால் இன்ஸ்ட்ரக்டரால் பிரேக் பிடித்துக் காப்பாற்ற முடியாது. அதைத் தெரிந்தும் ஏற்கிறாரா என்று கேளுங்கள். இரண்டாவது, பாலிசியில் அவர் பெயர் இருக்கிறதா, அந்த மாடலில் இத்தனை மணி என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கிறதா என எழுத்தில் வாங்குங்கள். அவருக்கு அந்த மாடல் புதிது என்றால், உங்களோடு ஏறுவதற்கு முன் அதை நன்கு தெரிந்த ஒருவருடன் பறந்துவிட்டு வரட்டும்.

விமானத்தின் பின்பக்கம் மண்டியிட்டுப் பாருங்கள். வால் சக்கரத்தையும் ரட்டரையும் இணைக்கும் ஸ்பிரிங்குகள் இருபுறமும் ஒரே அளவு இறுக்கமா, கொக்கிகள் தேய்ந்திருக்கின்றனவா? வால் சக்கரத்தைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங் வயதாகித் தட்டையாகிப் போனால் சக்கரத்தின் சுழல் அச்சுக் கோணம் மாறி, இறங்கும்போது வால் கடகடவென்று உதறும். பிரதான டயர்களின் காற்றழுத்தம் இரண்டிலும் சமமாக இருக்கட்டும். இதெல்லாம் சரியில்லாத விமானத்தில் கற்றால், பிழை உங்கள் காலிலா விமானத்திலா என்று இருவருக்குமே தெரியாது. முதல் நாள் இன்ஸ்ட்ரக்டர் தானாகவே வாலுக்குப் போய்க் குனிந்து பார்த்தால், ஆள் நல்லவர்.

கேள்வி: சிட்டாப்ரியாவில் என்டார்ஸ்மென்ட் வாங்கிவிட்டேன். நண்பர் தன் டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தை ஓட்டச் சொல்கிறார். மறுபடியும் இன்ஸ்ட்ரக்டர் வேண்டுமா?

பதில்: வேண்டும். சிட்டாப்ரியாவில் ப்ரொப்பெல்லர், காக்பிட்டிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. டேக்-ஆஃபில் வாலைத் தூக்கியதும் மூக்கு இடப்பக்கம் போகும், உங்கள் வலது கால் அதற்குப் பழகிவிட்டது. டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சின் இடஞ்சுழியாகச் சுற்றும், மூக்கு வலப்பக்கம் போகும். பழகிய காலே அங்கே உங்களைக் கவிழ்க்கும். ஆரம்ப வடிவத்தில் அதற்கு பிரேக்கும் கிடையாது, வாலில் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக்கட்டை. தனியாகப் பறப்பதும் பின் இருக்கையிலிருந்து. டைகர் மாத்தில் தொடர்ந்து பறப்பவராக, அதில் கற்றுத்தருபவராக ஒருவரைப் பிடித்து, அவர் தனியே விடும்வரை கூடவே பறங்கள். அமெரிக்க விதியில் பயணியை ஏற்ற 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் செய்திருக்க வேண்டும், டெயில்வீலில் அந்த லேண்டிங்குகள் முழுதாக நின்று முடிந்திருக்க வேண்டும். நண்பரை முன்னால் உட்கார வைக்கும் முன் அந்தக் கணக்கையும் லாக்புக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.