அமெரிக்காவில் சிறு இலக்கியப் பதிப்பகங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

ஐந்து பெரிய நிறுவனங்கள் சந்தையைக் கையில் வைத்திருக்கும் நாட்டில், கவிதையும் மொழிபெயர்ப்பும் போடும் சின்னப் பதிப்பகங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

இவற்றில் பல, லாப நோக்கமற்ற அமைப்புகளாகப் பதிவானவை. விற்பனைப் பணத்தோடு அறக்கட்டளை நிதி, அரசு மானியம், வாசகர் நன்கொடை எல்லாம் சேர்ந்தால்தான் அச்சுக்கூலி தேறும். கிரேவுல்ஃப் பதிப்பகத்தையே பாருங்கள். 1974இல் வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்செண்டில் ஸ்காட் வாக்கர் தொடங்கியது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்து, ஊசி நூலால் தைத்த மெல்லிய கவிதைப் புத்தகங்கள்தான் ஆரம்பம். 1980களில் மினசோட்டாவுக்கு இடம்பெயர்ந்தது. மில்க்வீட், காஃபி ஹவுஸ் பதிப்பகங்களும் அங்கேதான்.

கழுத்தை நெரிப்பது 'ரிட்டர்ன்' முறை. விற்காத பிரதிகளைக் கடைக்காரர் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பலாம். வரவில் எழுதிய புத்தகப் பெட்டி சில மாதம் கழித்து அப்படியே வாசலில் வந்து இறங்கும். சின்னப் பதிப்பகம் அந்த அடியைத் தாங்குவது கஷ்டம்.

அப்படியும் துணிகிறார்கள். 2010இல் புனைவுக்கான புலிட்சர் பரிசு, பெல்வியூ லிட்டரரி பிரெஸ் வெளியிட்ட பால் ஹார்டிங்கின் முதல் நாவலுக்குக் கிடைத்தது. நியூயார்க்கில் ஒரு மருத்துவமனைக்குள் இயங்கிய பதிப்பகம் அது! பலரும் வேண்டாம் என்று சொல்லி, மேசை இழுப்பறையில் வருடக்கணக்கில் கிடந்த கைப்பிரதி.