கேளுங்க சொல்றோம்: பைப்பும் லைட்டரும்

கேள்வி: சார், என் மச்சான் ஒரு ஜெட் லைட்டர் பரிசா கொடுத்தாரு. நீலமா சீறிக்கிட்டு எரியுது, காத்துக்கும் அணையாது. ஆனா அதுல பத்த வைக்க ஆரம்பிச்சதுல இருந்து நான் புகை பிடிக்கிற பைப்போட விளிம்பெல்லாம் கருகிப்போச்சு. பைப் மட்டமா, லைட்டர் மட்டமா?

பதில்: ரெண்டும் மட்டமில்லீங்க, ஜோடிதான் சேரல. ஜெட் லைட்டர் சுருட்டுக்கு சரி, சுருட்டு நுனி எப்படியும் சாம்பலாகப் போறதுதானே. பைப் அப்படியா? பைப் செய்யற பிரையர் கட்டை சூடு தாங்கும்தான், ஆனா அதுவும் மரம், ஆயிரம் டிகிரிக்கு மேல போற சுடரை விளிம்புல காட்டினா கருகாம என்ன செய்யும். பைப்புக்கு வேண்டியது மஞ்சளா, சாதுவா எரியுற தீ. நீங்க மெதுவா இழுக்கிறப்போ அது தானா வளைஞ்சு புகையிலைக்குள்ள இறங்கணும், ஜெட் அப்படி வளையவே வளையாது. அதோட தீ பக்கவாட்டுல சாஞ்சு வரணும், இல்லேன்னா லைட்டரைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பிடிச்சு கட்டைவிரல் வெந்துடும் (எனக்கு வெந்திருக்கு, அத விடுங்க). ஜப்பான்ல செய்யற கொரோனா ஓல்ட் பாய் லைட்டருக்கு பைப்காரங்ககிட்ட இவ்வளவு பேர் இருக்கிறது சும்மா இல்ல, சாஞ்ச சுடர், உரசி பத்த வைக்கிற சக்கரம், புகையிலைய அமுக்குற கம்பி கூட அதுலயே செருகி இருக்கும். கருகின விளிம்ப ஈரத்துணியால மெதுவா துடைச்சுப் பாருங்க. வெறும் கரின்னா போயிடும், மரமே வெந்திருந்தா அது அப்படியேதான் இருக்கும். மச்சான்கிட்ட எதுவும் சொல்லிக்காதீங்க.

கேள்வி: திரவத்துல எரியுற ஜிப்போ லைட்டர் வச்சு பைப் பத்த வைக்கலாமா? பெட்ரோல் வாசனை வருதுங்கிறாங்களே?

பதில்: வரத்தான் செய்யும். பைப்புக்குன்னே மேல இருக்கிற தகரக்கூட்டுல வட்டமா பெரிய ஓட்டை போட்ட மாடல் இருக்கு, இழுத்தா சுடர் அந்த ஓட்டை வழியா உள்ள போகும். பத்த வச்சு ஒரு ரெண்டு மூணு செகண்ட் எரிய விட்டுட்டு அப்புறம் கிட்ட கொண்டு போனா வாசனை குறையும், முழுசா போகாது. நாக்கு ரொம்ப நுணுக்கம்னா பியூட்டேன் கேஸ் லைட்டருக்கே போயிடுங்க. இன்னொரு தொல்லை, நீங்க தொடாம வச்சிருந்தாலும் ஜிப்போல இருக்கிற திரவம் ஆவியாகிக்கிட்டே இருக்கும், போன வாரம் நிரப்பினேனேன்னு எடுத்தா பொறி மட்டும்தான் வரும்.

கேள்வி: நல்ல லைட்டர் வாங்கினா உடம்புக்குக் கெடுதல் குறையுமா?

பதில்: குறையாது. புகைய உள்ள இழுக்காட்டியும் வாய்லயும் தொண்டையிலயும் கேன்சர் வரும்.

கேள்வி: கேஸ் ஃபுல்லா அடிச்சேன், ஆனா தீ துள்ளித் துள்ளி அணையுது. லைட்டர் போச்சா?

பதில்: தூக்கிப் போட்டுடாதீங்க! முக்கால்வாசி நேரம் உள்ள காத்து மாட்டியிருக்கும், அவ்வளவுதான். தீ எதுவும் பக்கத்துல இல்லாம, காத்தோட்டமான இடத்துல நின்னு, அடியில இருக்கிற வால்வ சின்ன ஸ்க்ரூடிரைவரால அமுக்குங்க, உஸ்ஸுன்னு சத்தம் நிக்கிற வரைக்கும். அப்புறம் சுடர் அளவை அடிமட்டத்துக்குத் திருப்பிட்டு, லைட்டரை தலைகீழா பிடிச்சு, கேஸ் டப்பாவையும் தலைகீழா அதுமேல நேரா வச்சு அமுக்கணும், சாய்ச்சு அடிச்சா பாதி வெளியதான் போகும். அடிச்ச உடனே பத்த வைக்காதீங்க, திரவம் ஜில்லுனு இருக்கும், அது ரூம் சூட்டுக்கு வர அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க. பியூட்டேன் கொதிக்கிறதே பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்துலதான், அதனால குளிர்ல லைட்டர் மக்கர் பண்ணா கொஞ்ச நேரம் உள்ளங்கையில பொத்தி வச்சாலே சரியாகும். கேஸ் மட்டும் நல்லா சுத்திகரிச்சதா வாங்குங்க, மட்டமான கேஸ்ல இருக்கிற அழுக்கு ஊசிமுனை ஓட்டைய அடைச்சிடும்.

கேள்வி: ரொம்ப நாள் கழிச்சு லைட்டரை எடுத்தேன், சக்கரம் சுத்தவே மாட்டேங்குது.

பதில்: உள்ள பொறி வரவைக்கிற கல்லு உளுத்து உப்பிப்போயிருக்கும். கல்லுன்னு சொல்றோமே தவிர அது சீரியமும் இரும்பும் கலந்த உலோகம், 1903ல ஆஸ்திரியாக்காரர் கார்ல் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக் பேடன்ட் வாங்கினது. ஈரம் பட்டுக் கிடந்தா பொடிஞ்சு குழாய்லயே ஒட்டிக்கும். ஸ்பிரிங்க வெளிய எடுத்துட்டு ஊசியால பொறுமையா சுரண்டி எடுங்க, சக்கரத்துப் பல்லையும் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு விடுங்க, புதுக் கல்லு போட்டா பொறி பறக்கும். அடுத்த தடவை மாசக்கணக்குல உள்ள வைக்கப் போறீங்கன்னா கல்ல கழட்டிட்டு வைங்க.